ஊசலும் இஸ்னாதும்

ஒரு மாணவன் தன் செய்முறைக் கொப்பியில் புவியீர்ப்பு ஆர்முடுகலின் பெறுமானம் 9.8 என்று எழுதியிருக்கிறான். விடையில் பிழையில்லை, பாடநூலிலும் அதுவே இருக்கிறது. ஆனால் அந்த விடைக்கு மேலே, ஒரு மீற்றர் நீளமான ஊசலை 20 தடவை அலையவிட்டு நேரத்தை அளந்தேன் என்றும் ஒரு வரி இருக்கிறது. அவன் ஊசலைத் தொடவேயில்லை. சென்ற வருடத்து மாணவனொருவனின் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கலாம். கணினித் திரையில் அசைந்த ஓர் ஊசலைப் பார்த்து எழுதியிருக்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியொன்றிடம் கேட்டும் வாங்கியிருக்கலாம். இவன் பொய் சொன்னானா? சொன்னானென்றால் எதைப் பற்றிச் சொன்னான்? உலகத்தைப் பற்றி அவன் எழுதியது உண்மை. தன்னைப் பற்றி எழுதியதுதான் உண்மையில்லை.

இந்த வேறுபாடு அற்பமானதாகத் தோன்றலாம். விஞ்ஞானக் கல்வியிலும் பொறியியற் கல்வியிலும் புதிய தொழில்நுட்பங்கள் வந்து நிறைகின்ற இக்காலத்தில், ஒழுக்கம் சார்ந்த மிக முக்கியமான கேள்வி இதற்குள்ளேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மெய்நிகர் ஆய்வுகூடங்களைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பிள்ளைகளுக்கு விளங்குமா? இதற்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. 2001இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வைமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்னும் திட்டத்தை ஆரம்பித்தார். கணினிக்குள்ளேயே சுற்றுகளை இணைத்துப் பார்க்கவும், ஊசலை ஆட்டிப் பார்க்கவும் உதவும் மென்பொருட்கள் அத்திட்டத்தில் உருவாயின. 2005இல் அங்கு வெளியான ஓர் ஆய்வில், கணினிக்குள் மின்சுற்றை இணைத்துப் பழகிய மாணவர்கள், உண்மையான வயரையும் மின்குமிழையும் வைத்துப் பழகியவர்களைவிட நன்றாகக் கோட்பாட்டைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அதுமட்டுமன்றி, உண்மையான சுற்றொன்றை இணைத்து விளக்கும்படி கேட்டபோதும் அவர்களே முந்தினார்கள். திரையில் மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியும்படி நகர்கிறது. செப்புக் கம்பியில் அது தெரிவதில்லை. ஆகவே இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நடாஷா ஹோம்ஸ் என்ற ஆய்வாளரும் அதே வைமனும் 2018இல் எழுதிய கட்டுரையொன்றில், விரிவுரையில் சொன்னதை உறுதிப்படுத்துவதற்கென்றே நடத்தப்படும் வழக்கமான ஆய்வுகூட வகுப்புகளால் மாணவர்களின் பரீட்சைப் பெறுபேற்றில் அளவிடத்தக்க பயன் எதுவும் விளையவில்லை என்று காட்டினார்கள். விளக்கத்துக்காகத்தான் ஆய்வுகூடம் என்றால், அதைப் பூட்டிவிட்டுத் திறப்பை அதிபரிடம் கொடுத்துவிடலாம். திரையே போதும்.

அப்படியானால் ஊசலை எதற்காக ஆட்டவேண்டும்?

என் விடை இது: ஆய்வுகூடம், ஒரு பிள்ளை சாட்சி சொல்லப் பழகும் இடம். தன் கண்ணால் கண்டதை, கண்ட அளவுக்கு, கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதற்கு அவன் அங்கே பயிற்றப்படுகிறான். பாடசாலை நாட்களில் வேறெந்தப் பாடமும் இந்த வாய்ப்பை இவ்வளவு நேராகத் தருவதில்லை. வரலாற்றிலும் சமயத்திலும் அவன் பிறர் கூற்றைக் கற்கிறான். கணிதத்தில் நிறுவலைப் பின்தொடர்கிறான். ஆய்வுகூடத்தில் மட்டுமே, நீ என்ன கண்டாய் என்று அவனிடம் கேட்கப்படுகிறது.

சாட்சியத்தின் தரத்தை நிறுப்பதற்கென்று ஒரு முழுக்கலையையே வளர்த்தெடுத்த சமுதாயம் நாம். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சொல்லப்பட்ட விடயம் மத்ன்; அது யார் வழியாக வந்தது என்ற சங்கிலி இஸ்னாத். மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும், இஸ்னாதில் கோளாறிருந்தால் அவர்கள் தயங்கினார்கள். அந்தக் கோளாறுகளுக்கு அவர்கள் தனித்தனியே பெயரும் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று தத்லீஸ்.

ஓர் அறிவிப்பாளர் ஓர் ஆசிரியரைச் சந்தித்திருப்பார். அவரிடம் பல செய்திகளைக் கேட்டுமிருப்பார். ஆனால் ஒரு குறிப்பிட்ட செய்தியை அவர் அந்த ஆசிரியரிடம் நேராகக் கேட்கவில்லை. இடையில் வேறொருவர் இருந்தார். அந்த இடையாளின் பெயரை விழுங்கிவிட்டு, நேரே கேட்டது போலத் தோன்றும்படி ஆசிரியரின் பெயரைச் சொல்லிச் செய்தியை அறிவிப்பதே தத்லீஸ். செய்தி உண்மையாக இருக்கக்கூடும். சொன்ன வார்த்தையிலும் நேரடியான பொய் இல்லாதிருக்கலாம். ‘கேட்டேன்’ என்று சொல்லாமல் ‘அவரிடமிருந்து’ என்று மட்டும் சொல்லியிருப்பார். ஆயினும் ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் போன்ற ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டு அறிஞர்கள் இதை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தத்லீஸ் செய்பவரென்று அறியப்பட்டவர் ‘நான் கேட்டேன்’ என்று தெளிவாகச் சொன்னாலன்றி, அவருடைய அறிவிப்பை ஏற்கத் தயங்குவதே ஹதீஸ் கலையின் பொதுவழக்கமாயிற்று.

நமது மாணவனின் கொப்பியில் நடந்திருப்பதும் தத்லீஸ்தான். அவனுடைய 9.8 என்ற மத்ன் சரி. இடையிலிருந்த மென்பொருளையோ, பழைய கொப்பியையோ விழுங்கிவிட்டு, ஊசலிடமிருந்து நேரே கேட்டதாகக் காட்டுகிறான். ‘திரையில் ஓடிய மென்பொருளில் 20 அலைவுக்கு இவ்வளவு நேரம் காட்டியது’ என்று எழுதியிருந்தால் அவன் நேர்மையான அறிவிப்பாளன். அவனுக்கு முன்னால் மென்பொருள், அதற்கு முன்னால் அதை எழுதியவர், அவருக்கு முன்னால் சமன்பாடு, சமன்பாட்டுக்கு முன்னால் என்றோ ஊசல்களை ஆட்டிப் பார்த்த மனிதர்கள் என்று அச்சங்கிலி நீண்டதாயினும் அறுபடாதது. கணினியால் கற்றதில் குற்றம் இல்லை. கணினியை மறைத்ததில்தான் குற்றம் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். ஹதீஸ், ஒருமுறை நிகழ்ந்து மறைந்த ஒன்றைப் பற்றிய செய்தி. அதனால் அங்கே சங்கிலி அவசியம். விஞ்ஞானத்தில் எதையும் மறுபடி செய்து பார்க்கலாமே. அங்கே சாட்சியின் நேர்மை எதற்கு? இது வலுவான மறுப்பு. ஊசலைப் பொறுத்தவரை இது ஓரளவு சரியும்கூட. ஆனால் பொறியியலுக்குள் நுழைந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. ஒரு கட்டடத்துக்குக் கொங்கிறீற் ஊற்றும்போது, அதே கலவையிலிருந்து 150 மில்லிமீற்றர் கனக்குற்றிகள் சிலவற்றை வார்த்தெடுத்து, நீரில் வைத்து, 28ஆம் நாளில் பொறியொன்றில் இட்டு நொறுக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை அமுக்கத்தில் உடைந்தது என்பதே அந்தக் கொங்கிறீற்றின் வலிமைக்குச் சான்று. உடைந்த கனக்குற்றியை மறுபடி உடைக்க முடியாது. அந்தக் கணத்தில் பொறிக்கு முன்னால் நின்று முள்ளைப் பார்த்தவரின் வார்த்தை மட்டுமே மிஞ்சும். அந்தத் தாளை நம்பி மேலே இன்னுமொரு மாடி எழும்பும். அதற்குள் பிள்ளைகள் படிப்பார்கள்.

2017 ஒக்டோபரில் ஜப்பானின் கோபே ஸ்டீல் நிறுவனம், தான் வழங்கிய அலுமினிய, செப்புப் பொருட்களின் தரவுகள் திருத்தப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. கார், விமானம், ரயில் செய்பவர்களென நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அப்பொருட்களை வாங்கியிருந்தன. பின்னர் பரிசோதித்ததில் பெரும்பாலானவை பாதுகாப்பானவை என்றே தெரியவந்தது. அதாவது மத்ன் பெரிதும் பழுதில்லை, இஸ்னாத் பழுது. அந்த ஒரு பழுதினால், வாங்கிய ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து பரிசோதிக்க வேண்டியதாயிற்று. ஒரு சாட்சி கெட்டால் அவர் முன்பு சொன்ன உண்மைகளும் சேர்ந்து பயனற்றுப் போகின்றன. இதை ஹதீஸ் அறிஞர்கள் எப்போதோ விளங்கி வைத்திருந்தார்கள்.

பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவேண்டும். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே நாம் நமது பிள்ளைகளுக்குத் தத்லீஸைக் கற்பித்துவிட்டோம். ஒரு வகுப்பின் 30 கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறேன். அத்தனையிலும் 9.8. கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு மீற்றர் ஊசல் 20 தடவை அலைய ஏறத்தாழ 40 செக்கன் எடுக்கும். நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் விரலில் 0.2 செக்கன் தாமதமோ அவசரமோ இருப்பது இயல்பு. அது ஒன்றே ஆர்முடுகலின் பெறுமானத்தை 0.1 அளவுக்கு மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். நூலின் நீளத்தை அளப்பதில் வரும் பிழை வேறு. நேர்மையாகச் செய்த 30 பேரில் சிலருக்காவது 9.6ஓ 9.9ஓ வந்திருக்கவேண்டும். எல்லோருக்கும் 9.8 வந்ததென்றால், எல்லோரும் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களை அப்படி நடக்கச் செய்தது நமது புள்ளியிடும் முறை. 9.8க்கு முழுப்புள்ளி, 9.5க்கு அரைப்புள்ளி என்றிருக்கும்போது, கண்டதைச் சொல்பவன் நட்டமடைகிறான்.

பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. இலத்திரனின் ஏற்றத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த மில்லிகன், வளியின் பாகுநிலைக்குப் பிழையான பெறுமானத்தைப் பயன்படுத்தியதால் அவருடைய விடை சற்றுக் குறைவாக இருந்தது. அவருக்குப் பின் அளந்தவர்களின் விடைகள் ஒரேயடியாகச் சரியான இடத்துக்குப் போகவில்லை. சிறிது சிறிதாகத்தான் உயர்ந்தன என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1974இல் ஓர் உரையில் சுட்டிக்காட்டினார். பெரிய பெயரொன்றுக்கு மிகவும் விலகிய விடை கிடைத்தபோது அவர்கள் தம்மையே சந்தேகித்துப் பிழை தேடினார்கள். நெருங்கிய விடை கிடைத்தபோது தேடவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பாவனைக்கு வந்ததிலிருந்து, செய்முறை அறிக்கையொன்றை எழுதித்தரும்படி கேட்டால் எழுதித்தர ஒரு கருவி கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. இதற்கும் மெய்நிகர் ஊசலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மெய்நிகர் ஊசலை எழுதியவர் இன்னாரென்றும், அதனுள் இருக்கும் சமன்பாடு இன்னதென்றும் அறியமுடியும். மொழிச்செயலி சொல்வது எங்கிருந்து வந்தது என்பதை அதைச் செய்தவர்களாலேயே வரிவரியாகச் சொல்ல முடியாது. ஹதீஸ் கலையில் இத்தகையவருக்கு மஜ்ஹூல் என்று பெயர், அறியப்படாத அறிவிப்பாளர். அவர் பொய்யரென்று யாரும் சொல்லவில்லை. அவர் யாரென்று தெரியாது, அதனால் அவர் சொல்லை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது, அவ்வளவுதான்.

அத்துடன், பார்த்தெழுதிய பழைய கொப்பி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. இந்தச் செயலிக்கோ பிழையைக்கூடப் போலியாகச் செய்யத் தெரியும். 40.1, 39.9, 40.3 என்று, மனித விரல் தடுமாறியது போலவே எண்களைச் சிதறவிட்டுத் தரும். ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பிடித்துத் தண்டிப்பதை நம்பியிருந்த முறை இனிச் செல்லாது. பார்ப்பதற்கு யாருமில்லாத இடத்திலும் கண்டதை மட்டுமே எழுதும் மனம்தான் வேண்டும். ஈமானைப் பற்றிப் பேசும்போது இதைத்தானே நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் அதை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம்.

நமது மேடைகளில் இப்னுல் ஹைதமின் பெயர் குறைவில்லாமல் ஒலிக்கிறது. 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், கிதாபுல் மனாளிர் என்ற ஒளியியல் நூலை எழுதியவர். அவர் செய்து காட்டிய ஒரு பரிசோதனையைச் செய்துபார்த்த பாடசாலை நம்மிடையே எத்தனை இருக்கும்? இருட்டறையொன்றின் சுவரில் சிறு துவாரம். வெளியே வரிசையாகச் சில விளக்குகள். உள்ளே எதிர்ச்சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். ஒளிகள் ஒரே துவாரத்தினூடாக வந்தும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை என்பது இதனால் தெரிகிறது. இத்தகைய சோதித்தறிதலுக்கு அவர் பயன்படுத்திய சொல் இஃதிபார். அதே வேரில் பிறந்த ஏவற்சொல் சூரத்துல் ஹஷ்ரின் 2ஆம் வசனத்தின் முடிவில், பார்வையுடையோரை விளித்து வருகிறது. அந்தப் பரிசோதனைக்குச் சில மெழுகுவர்த்தியும் ஓர் அட்டையும் போதும். பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதும் ஒருவகையில் தத்லீஸ்தான். அவர்கள் கண்டதை நாம் கண்டதுபோலச் சொல்லிக்கொள்கிறோம்.

அதே மரபில், மாதிரியைப் பயன்படுத்துவதற்கும் முன்னுதாரணம் உண்டு. இப்னுல் ஹைதமின் நூலுக்கு விரிவுரை எழுதிய கமாலுத்தீன் அல்ஃபாரிஸி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானவில்லை ஆராய விரும்பினார். மழைத்துளிக்குள் நுழைந்து பார்க்க முடியாது. ஆகவே நீர் நிரப்பிய பெரிய கண்ணாடிக் கோளமொன்றை எடுத்து, அதற்குள் ஒளி முறிவதையும் தெறித்துத் திரும்புவதையும் ஆராய்ந்தார். இன்றைய மெய்நிகர் ஆய்வுகூடத்தின் மூதாதை என்று அந்தக் கோளத்தைச் சொல்லலாம். அது மழைத்துளியில்லை, மழைத்துளிக்குப் பதிலாக வைக்கப்பட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. மாதிரியை மாதிரியென்று சொல்லிப் பயன்படுத்தினால் அறிவு வளர்கிறது.

மெய்நிகர் என்ற நமது சொல்லையே பாருங்கள். மெய்க்கு நிகரானது என்று சொல்லும்போதே, மெய் வேறு, இது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறது.

வசதியற்ற பாடசாலைகளை மறந்து இதையெல்லாம் எழுதினால் அது அநியாயம். ஆய்வுகூடம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் உடைந்த கதிரைகள் அடுக்கப்பட்டிருக்கும் கிராமங்கள் நமது நாட்டில் உண்டு. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022இல் கடதாசிக்கும் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோதும், இருந்த வசதிகளும் எட்டாமற் போயின. அத்தகைய பிள்ளைக்குக் கைத்தொலைபேசித் திரையில் ஓர் ஊசல் கிடைப்பது பெரும் அருள். ‘உண்மையான ஆய்வுகூடமே சிறந்தது’ என்று, அது உள்ளவர்கள் இல்லாதவர்களுக்கு உபதேசிப்பதை நான் விரும்பவில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைக்குத் திரையும் பணக்காரப் பிள்ளைக்குக் கருவியும் என்று நிரந்தரமாகப் பங்கிட்டுவிட்டால், சாட்சி சொல்லும் உரிமையே ஒரு சாராருக்கு மட்டும் உரியதாகிவிடும். மற்றவர்கள் என்றைக்கும் கேட்டதைச் சொல்பவர்களாகவே இருப்பார்கள்.

இதற்கு அந்தத் தொழில்நுட்பமே வழியும் காட்டுகிறது. ஜேர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2016இல் ‘ஃபைஃபொக்ஸ்’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டார்கள். கைத்தொலைபேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆர்முடுகல் உணரி, காந்தப்புல உணரி, ஒலிவாங்கி ஆகியவற்றை அது அளவுகருவிகளாக மாற்றிவிடுகிறது. தொலைபேசியையே கயிற்றில் கட்டி ஊசலாக ஆடவிட்டால் அது தன் அலைவுகாலத்தைத் தானே அளந்து சொல்லும். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1998இல் ஆரம்பமான இணையவழி ஆய்வுகூடத்திலும், மாணவர் எங்கோ இருந்துகொண்டு உண்மையான குறைகடத்திக் கருவியொன்றையே அளந்தார்கள். ஆகத் தொழில்நுட்பங்கள் இரு வகைப்படும். சில நம்மைப் பொருளுக்கு அருகே கொண்டுசெல்கின்றன; சில பொருளின் இடத்தில் தாமே வந்து அமர்கின்றன. கையிலிருக்கும் அதே தொலைபேசி இரண்டையும் செய்யும்.

உண்மையான ஊசலிடம் இருக்கும் ஒரு குணத்தையும் சொல்லிவிடுகிறேன். அலைவுகாலம் வீச்சைச் சார்ந்ததில்லை என்று நாம் கற்பிக்கிறோம். அது சிறிய கோணங்களுக்கு மட்டும் பொருந்தும் கிட்டத்தட்டக் கணக்கு. 10 பாகையில் விட்ட ஊசலுக்கும் 20 பாகையில் விட்ட ஊசலுக்கும் அலைவுகாலத்தில் ஏறத்தாழ 0.6 சதவீத வித்தியாசம் உண்டு. 20 அலைவுகளில் அது விரலின் தடுமாற்றத்துக்குள் மறைந்துபோகும். பலமுறை அளந்தால் தலைகாட்டும். 2015இல் ஹோம்ஸ், வைமன், பொன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்று இதே பரிசோதனையைப் பயன்படுத்தியது. விடையைச் சொல்லாமல், அளவீடுகளை ஒப்பிட்டுத் திரும்பத் திரும்பத் திருத்தும்படி மாணவர்களுக்குப் பழக்கினார்கள். கற்ற சூத்திரத்தோடு தம் தரவு ஒத்துப்போகாத இடத்தை அம்மாணவர்கள் தாமே கண்டார்கள். அந்தப் பழக்கம் பிறகும் அவர்களை விட்டுப் போகவில்லை. நல்ல மென்பொருளிலும் இந்த வித்தியாசம் இருக்கும், அதை எழுதியவருக்குத் தெரியுமாதலால். எழுதியவருக்குத் தெரியாதது எதுவும் திரையில் ஒருபோதும் தோன்றாது. நூல் முறுகுவதும், ஜன்னல் காற்று குண்டைத் தள்ளுவதும், கொளுக்கி தளர்வதும் உலகத்தில் மட்டுமே நிகழும்.

எனவே ஆசிரியர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. கொப்பியில் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த வழியையும் எழுதச் சொல்லுங்கள்: நான் அளந்தது, மென்பொருள் காட்டியது, நூலில் அல்லது செயலியில் பெற்றது. மூன்றையும் அனுமதியுங்கள், மூன்றையும் கலந்து எழுதுவதை அனுமதிக்காதீர்கள். 9.5 பெற்றவன், ஏன் 9.5 வந்திருக்கலாம் என்று யோசித்து எழுதினால் அவனுக்கு முழுப்புள்ளி கொடுங்கள். 9.8 பெற்றவனிடம் அது எப்படி வந்ததென்று கேளுங்கள்.

இதனால் பரீட்சைப் பெறுபேறு உயருமா என்று என்னிடம் கேட்டால், உயராமலும் போகலாம் என்பேன். புள்ளிக்காகப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை விரும்பாமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுள் ஒருவர் பத்து வருடங்களின் பின் ஒரு கொங்கிறீற் அறிக்கையிலோ, குடிநீர்ப் பரிசோதனைத் தாளிலோ, வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனை முடிவிலோ கையொப்பமிடுவார். அந்தத் தாளை வாங்கும் நமக்கு, எண் சரியா என்று பார்க்க வழியிருக்காது. அதை அளந்தவர் உண்மையாகவே அளந்தாரா என்பதில்தான் நமது உயிர் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த அமானிதத்தைப் பழக்கும் வயது, ஊசல் ஆட்டும் வயதுதான்.